ஆறு தொட்டிகளும் ஒரு தரகனும்

"பொலிஸ் வாறதுக்கு முன்னம் போய்ச் சேருவமோ, நிரோஷன்?"

"வண்டிகிட்ட கேட்டுப் பாத்தேன் டீச்சர். மேட்ட தாண்டின பொறகு சொல்றேங்குது."

பின்சீட்டில் இருந்த சிவகௌரி சிரிக்கவில்லை. அதுதான் நிரோஷனுக்குக் கவலையாக இருந்தது. ஹட்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு, திடீரென்று சோக்குக்கட்டியைக் கீழே வைத்து, இரும்புக்கடை மாடியில் துப்பறியும் நிலையம் திறந்த மனுஷி அவர். நிரோஷன் அவருடைய ஆட்டோ சாரதி, உதவியாளர், அவனுடைய சொந்த அபிப்பிராயத்தில் நிலையத்தின் முதுகெலும்பு. அவன் அடிக்கிற பகிடிகளில் ஒன்றிரண்டுக்காவது அவர் உதட்டோரம் அசையும். இன்றைக்குத் தலவாக்கலை தாண்டி வந்தும் ஒன்றும் அசையவில்லை.

காரணம் ஷாமிலா. ரேவன்மோர் தேயிலைத் தொழிற்சாலையில் கணினி பார்க்கிற பெண். அவள் கணினியில் செய்த மாற்றத்தால்தான் மாயாண்டி என்கிற தொழிலாளியின் வலது கை போனது என்று கம்பனி சொல்கிறது. கொழுந்து வாட்டுகிற தொட்டிக்கு அடியில் காற்றறை ஒன்று உண்டு. மாயாண்டி அதற்குள் கைவிட்டுத் துப்புரவு செய்துகொண்டிருந்தபோது, நின்றிருக்க வேண்டிய மின்விசிறி தானாகச் சுழன்றுவிட்டது. மாயாண்டி இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பகல் கொழுந்து நிறுவை முடிந்ததும் தோட்டத்தை நடத்துகிற துரை பொலிஸோடு வந்து அவளை ஒப்படைக்கப்போகிறார். வேண்டுமென்றே செய்தாள் என்று முறைப்பாடு எழுதியாகிவிட்டது.

தொழிற்சாலை வாசலில் முத்துலிங்கம் காத்து நின்றார். அங்கே அவர்தான் டீமேக்கர், அதாவது கொழுந்து உள்ளே வருவதிலிருந்து தூளாகி வெளியே போகிறவரை எல்லாவற்றுக்கும் பொறுப்பு. ஷாமிலாவுக்குத் தாய்மாமன். தகப்பன் இல்லாத பிள்ளையைப் படிக்கவைத்து, வேலையும் எடுத்துக்கொடுத்தவர். இவர்களைப் போன் போட்டுக் கூப்பிட்டவரும் அவரே. மழைக்கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் சுற்றிய மப்ளரை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"வாங்கம்மா. நிறுவைக்கு ஆளுக எறங்கிட்டாங்க. நேரம் இல்ல."

"நடந்துகொண்டே சொல்லுங்கோ."

"எல்லாத்துக்கும் அந்தத் தரகன்தாங்க காரணம்."

தரகன் என்றால் ஆள் இல்லை, கணினியில் இருக்கிற ஒரு நிரல். எந்த விசிறி ஓட வேண்டும், எந்த வேகத்தில் ஓட வேண்டும், துப்புரவுக்காக எந்தத் தொட்டி விசிறி ஓடாமல் மூடிக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கோப்பில் எழுதியிருக்கும். அந்தக் கோப்பின் ஒரு பிரதி கொழும்புத் தலைமைக் கந்தோரில், ஒரு பிரதி இங்கே. இரண்டு பக்கமும் தங்கள் தங்கள் பிரதியில் மாற்றம் செய்வார்கள். இரண்டையும் சேர்த்து ஒரே கோப்பாக்குவது அந்த நிரலின் வேலை. சேர்ந்து வந்த கோப்பு சொல்கிறபடி மாடியில் யந்திரங்கள் ஓடும். இரண்டு வீட்டையும் சேர்த்துவைக்கிறபடியால் தொழிற்சாலையில் அதற்குத் தரகன் என்று பெயர் விழுந்துவிட்டது.

"ரெண்டு பேரும் ஒரே எடத்துல கை வச்சிருந்தா அது கேள்வி கேக்கும்ங்க, எதை வச்சுக்கறதுன்னு. அன்னைக்கும் கேட்டுச்சு. இப்ப உள்ள ஒக்காந்திருக்காரே அந்தக் கொழும்புத் தம்பி, அவரு போன்ல எதையோ சொல்லியிருக்காரு, பிள்ள அதை நம்பி அமுக்கிருச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"ஷாமிலாவும் அப்பிடித்தான் சொல்லுறாவோ?"

முத்துலிங்கம் மப்ளரை இன்னொரு தரம் இழுத்தார். "அது வாயே தொறக்க மாட்டேங்குதுங்க."

கணினி அறைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்திருந்தவன் செந்தூரன், தலைமைக் கந்தோர்ப் பொறியியலாளன். தோட்டத்துக் கோப்புகளெல்லாம் கொழும்பிலிருந்து அவன் கைக்குள். இந்தத் தொழிற்சாலைக்குள் அவன் கால்வைப்பது இதுதான் முதல் தடவை. சுவரோரக் கதிரையில் ஷாமிலா. முன்னால் வைத்த ப்ளேன்டீ ஆறிப்போயிருந்தது.

"நீங்கள் வந்து ஒண்டும் ஆகப்போறதில்லை, மேடம்" என்றான் செந்தூரன். திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். "எங்கட கோப்பையும் கடைசியா ஓடின கோப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கிறன். மாறினதெல்லாம் சிவப்பு. அவ்வளவும் இந்தப் பிள்ளையின்ட பேரில."

திரை முழுக்கச் சிவப்பு. நிரோஷன் எட்டிப் பார்த்தான். "இவ்வளவத்தையும் மாத்தணும்னா தங்கச்சி ஒருவாரம் தூங்காம இருந்திருக்கணுமே சேர்."

"பகிடி விட வேண்டாம். ஒரு ஆளின்ட கை போயிருக்கு."

நிரோஷனுக்குச் சுருக்கென்றது.

சிவகௌரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உங்கட பிரதியில வரிகளை அகர வரிசையில அடுக்கி வச்சிருக்கிறீங்கள் போல?"

"ஓம். ஒழுங்கா இருக்கட்டும் எண்டு அடுக்கினன்."

"அப்ப எல்லா வரியும் இடம் மாறியிருக்கும். இடம் மாறின வரியெல்லாம் உங்கட ஒப்பீட்டில சிவப்பாத்தான் வரும். ஒண்டும் மாறாட்டிலும் சிவப்பு."

செந்தூரன் சிவப்பு வரிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தான்.

"எனக்குப் புரிஞ்சிருச்சு டீச்சர்" என்றான் நிரோஷன், பகிடி இல்லாத குரலில். "லயத்து வீடுகள்ல கதவு வரிசையா ஆள் எண்ணுனா, கடைசிக் காம்பராகாரன் முன்னுக்கு மாறிட்டான்னா லயமே மாறிப்போச்சுன்னு தோணும். குடும்பம் குடும்பமா எண்ணுனா ஒருத்தரும் மாறியிருக்க மாட்டாங்க."

"அதேதான். உங்கட தரகனும் குடும்பமாத்தான் பாக்கும், தம்பி. கோப்பை ஒரு மரமாப் பிரிக்கும். தொட்டி, அதுக்குக் கீழ விசிறி, விசிறிக்குக் கீழ வேகம். எது எதுக்குப் பிள்ளை எண்டதுதான் அதுக்குக் கணக்கு. எத்தனையாம் வரி எண்டது கணக்கில்லை." சிவகௌரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இந்தப் பிள்ளையின்ட பிரதியைத் திறந்து பாத்தனீங்களோ?"

செந்தூரனின் காது சிவந்தது. "கடைசிக் கோப்பில இருக்கிறதுதானே முக்கியம்."

"தாயைப் பாக்காமல் பிள்ளையைப் பாத்திருக்கிறீங்கள். அண்டைக்கு வந்த இரண்டு பிரதியும் தரகனிட்டத்தானே சேமிப்பில இருக்கும்? அதே இரண்டையும் எடுத்து ஒருக்கா திருப்பிச் சேர்த்துக் காட்டுங்கோ. எல்லாரும் பாக்கட்டும்."

வெளியே நிறுவைத் தராசடியில் சத்தம் கேட்டது. பெண்கள் வரிசையில் நின்று பேசுகிற சத்தம், கங்காணி பெயர் கூப்பிடுகிற சத்தம். அந்த வரிசை தேய்ந்து முடியும்போது ஷாமிலாவுக்கு இருக்கிற நேரமும் முடியும் என்பது அறைக்குள் எல்லாருக்கும் தெரியும். செந்தூரன் வேண்டாவெறுப்பாகத் தட்டினான்.

முதலில் கொழும்புப் பிரதி மரமாக விரிந்தது. அதில் உண்மையான மாற்றம் ஒன்றே ஒன்று: ஐந்தாம் தொட்டி விசிறியின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். அடுத்தது ஷாமிலாவின் பிரதி. அதிலும் ஒரே மாற்றம்: ஐந்தாம் தொட்டி மூடல். இரண்டு பிரதியிலும் உண்மையாக மாறியிருந்தது இந்த இரண்டுதான்.

"சேருங்கோ" என்றார் சிவகௌரி.

செந்தூரன் விசையை அமுக்கினான். நிரோஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தரகன் கேள்வி கேட்கப்போகிற இடம் இதுதானே. ஆனால் திரையில் கேள்வி ஒன்றும் வரவில்லை. கண்ணிமைக்கிற நேரத்தில் கோப்பு சேர்ந்து நின்றது: ஐந்தாம் தொட்டி, மூடல், வேகம் குறைவு. இரண்டு பக்கத்து விருப்பமும் சண்டையில்லாமல் உள்ளே இருந்தன.

"ஏன் சேர், இது ஒன்னும் கேக்கலையே?"

"ஏன் கேக்க வேணும்? ஒரே தொட்டியெண்டாலும் நாங்கள் தொட்டது வேகத்தை, இவ தொட்டது மூடலை. வேற வேற கிளை. முந்தி இருந்த நிரல்தான் ஒரே வரியைப் பாத்துப் பயந்து எல்லாத்துக்கும் கேள்வி கேக்கும். அதைப் பொங்கலோட தூக்கிப் போட்டிட்டம்."

நிரோஷன் திரும்பி முத்துலிங்கத்தைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியாகத் தராசடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவகௌரி அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"இனி அண்டைக்கு உண்மையா ஓடின கோப்பைக் காட்டுங்கோ."

செந்தூரன் காட்டினான். அதில் ஐந்தாம் தொட்டி திறந்து கிடந்தது. இரண்டாம் தொட்டி மூடியிருந்தது.

"அப்பன்கிட்டயும் இல்ல, ஆத்தாகிட்டயும் இல்ல" என்றான் நிரோஷன். "பிள்ளைக்கு மட்டும் எங்கருந்து வந்துச்சு ஆறாவது விரல்?"

"தரகன்ட வேலை இல்லை அது. கல்யாணம் முடிஞ்ச பிறகு ஆரோ கையால செய்திருக்கினம்."

"அப்பவும் அது இவதானே" என்றான் செந்தூரன். ஆனால் அவன் குரலில் முன்பிருந்த மிடுக்கு இல்லை. "இவவின்ட கணக்கில இருந்துதான் போயிருக்கு."

"இந்த அறைக்குச் சாவி ஆரிட்ட இருக்கு?"

"ஷாமிலாவிட்ட. டீமேக்கரிட்ட."

"நீங்கள் கொழும்பில இருந்துகொண்டே இவவின்ட கணக்குக்குள்ள போகலாமோ?"

செந்தூரன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "போகலாம்."

ஆக மூன்று பேர். மூன்று பேரும் இந்த அறைக்குள்ளேயே இருந்தார்கள். நிரோஷன் மனதுக்குள் செந்தூரனுக்கு விலங்கு மாட்டிப் பார்த்தான், பொருத்தமாகத்தான் இருந்தது. சிவகௌரி எழுந்து ஷாமிலாவின் முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, நீர் மாத்தினீரோ?"

"என்னைய கொண்டுபோகட்டுங்க டீச்சர்." அவள் தரையைப் பார்த்துத்தான் சொன்னாள். "இதுக்கு மேல எதுவும் கேக்க வேணாம்."

கீழ் வளைவில் ஜீப் ஒன்று கியர் மாற்றிக்கொண்டு ஏறுகிற சத்தம் வந்தது. ஷாமிலாவின் விரல்கள் கதிரை விளிம்பை இறுகப் பிடித்தன. சிவகௌரி நிரோஷனை வாசலுக்கு இழுத்துப்போய் அவன் காதில் நாலு வார்த்தை சொன்னார். அவன் முகம் சுருங்கிப்போனது.

"டீச்சர், அது பாவம். கை போன எடத்துல போயி..."

"ஓம், பாவம்தான். எனக்கும் விருப்பமில்லை. ஓடும்."

நிரோஷன் படியேறி மாடிக்குப் போனான்.

நீண்ட மாடி. ஆறு தொட்டிகள் குறுக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. இந்த முனையில் அவன் ஏறி வந்த படிக்கட்டு. அந்த முனையில் கொழுந்துச் சாக்குகளைத் தூக்கி வருகிற லிஃப்ட். பகல் கொழுந்து இன்னும் மேலே வரவில்லை. விசிறிகளெல்லாம் நின்றிருந்தன. முன்பு ஒவ்வொரு விசிறிக்குப் பக்கத்திலும் கையால் அணைக்கிற சுவிட்ச் ஒன்று இருந்திருக்கிறது. எல்லாம் கணினிமயம் என்று சொல்லிக் கம்பனி அவற்றைக் கழற்றிவிட்டது. சுவரில் இருந்த ஓட்டைகள் அதற்குச் சாட்சி. லிஃப்ட் பக்கத்துத் தொட்டி ஒன்றின் கீழே மரத்தூள் தூவியிருந்தார்கள். எதை மறைக்கத் தூவியது என்று அவனுக்குத் தெரியும், அந்தப் பக்கம் பார்க்காமல் நடுத்தூணின் பின்னால் போய் நின்றான்.

வாழ்நாளில் ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறான். எல்லாம் சிரிக்கவைக்கச் சொன்ன பொய். ஜீப் சத்தம் கிட்ட வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

"ரெண்டாம் தொட்டி! ரெண்டாம் தொட்டிக்குள்ள கை மாட்டிக்கிச்சு!"

கீழே கதிரை விழுந்தது. படியில் தடதடவென்று காலடிகள்.

முதலில் வந்தவன் செந்தூரன். படிக்கட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற மாதிரிப் பார்த்து, இரண்டாவது தொட்டியடியில் மண்டியிட்டான். பின்னால் ஷாமிலா. அவள் கடைசிப் படியிலேயே நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். "எந்தப் பக்கத்துலருந்துங்க? எந்த ரெண்டு?" என்றாள் மூச்சிரைக்க.

முத்துலிங்கம் எதையும் கேட்கவில்லை. அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு, செந்தூரனையும் தாண்டி, அந்த வயதுக்கு ஓடக்கூடாத ஓட்டம் ஓடினார். மாடியின் மறு முனைக்கு, லிஃப்ட் பக்கத்திலிருந்து இரண்டாவது தொட்டிக்குப் போய் மரத்தூள்மேல் குப்புற விழுந்தார். விசிறி ஓடுகிறதா நிற்கிறதா என்று கூடப் பார்க்காமல் தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"பயப்படாதய்யா, நான் புடிச்சுக்கறேன், பயப்படாத."

உள்ளே யாரும் இல்லை. அவர் அதை உணர்ந்த கணத்தை நிரோஷன் பார்த்தான். துழாவிய கை நின்றது. மெல்லத் தலையைத் திருப்பினார். தூணடியில் இரண்டு கையோடும் நிற்கிற நிரோஷனைப் பார்த்தார். அந்தக் கோடியில் வேறொரு தொட்டியடியில் மண்டியிட்டிருக்கிற செந்தூரனைப் பார்த்தார். பிறகு எழுந்திருக்க முயலவில்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சிவகௌரி மெதுவாகப் படியேறி வந்தார்.

"மன்னிக்கோணும்" என்றார் எல்லாரையும் பார்த்து. "வேற வழி தெரியேல்ல. ஆறு தொட்டியில ஐஞ்சு ரெண்டாகிறது மற்றப் பக்கமிருந்து எண்ணினால்தான். கொழும்பில கீறின மாடிப் படத்தில தொட்டிகளைப் படிக்கட்டுப் பக்கமிருந்து எண்ணியிருக்கு. கணினிக்கும் அதே எண்ணிக்கைதான். இந்த மாடியில வேலை செய்யிற ஆக்கள் கொழுந்து வாற பக்கமிருந்து எண்ணுவினம். கணினியின்ட ஐஞ்சுதான் இவையின்ட ரெண்டு."

ஷாமிலா போட்ட ஐந்து சரியானது. அதை இரண்டாக மாற்றிய கை, லிஃப்ட் பக்கமிருந்து எண்ணிப் பழகிய கை. செந்தூரனுக்கு இந்த மாடியே தெரியாது. ஷாமிலாவுக்கு இரண்டு எண்ணிக்கையும் தெரியும், அதனால்தான் அவள் நின்று கேட்டாள். கீழே ஐந்து என்றால் மேலே இரண்டு என்று நாள் முழுக்கத் தலைக்குள்ளேயே மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். மாமாவுக்கு அந்தக் கணக்குத் தெரியவேண்டிய தேவையே வரவில்லை.

"தரகன் கேள்வி கேட்டது எண்டு சொன்னீங்கள், ஐயா. நீங்கள் பழைய தரகனை நினைச்சுச் சொன்னீங்கள்."

முத்துலிங்கம் தலையாட்டினார். "பிள்ள சாப்புடப் போயிருந்துச்சும்மா. நான் மாயாண்டிய எறக்கலாமான்னு பாக்கப் போனேன். துப்புரவு எங்க ரெண்டாம் தொட்டியில, திரையில அஞ்சு மூடியிருக்குன்னு கெடந்துச்சு. பிள்ள தப்பா போட்டிருச்சு, தொரை கண்டா ஏசுவாருன்னு நானே ரெண்டு விரலால தட்டி மாத்துனேன். மாத்திட்டு மாயாண்டிகிட்ட எறங்குடான்னு சொன்னதும் நான்தான்."

"அப்பறம் எங்கள எதுக்குங்க கூப்புட்டீங்க?" நிரோஷனுக்குக் கோபம் வந்தது.

"கொழும்பு மேல போயிரும்னு நெனச்சேன் தம்பி. பிள்ளையும் தப்பிச்சுக்கும், நானும் தப்பிச்சுக்குவேன். அவரு படிச்சவரு, வேற எடத்துல பொழச்சுக்குவாருன்னு நெனச்சேன்." செந்தூரனை நிமிர்ந்து பார்க்க அவருக்கு முடியவில்லை. செந்தூரன் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தான். காலையில் அவனும் இதே மாதிரி ஒரு ஆளைப் பலிகொடுக்கத்தானே உட்கார்ந்திருந்தான்.

சிவகௌரி ஷாமிலாவின் தோளைத் தொட்டார். "உமக்குத் தெரியும். என்னத்துக்கு வாயைத் திறக்கேல்ல?"

"சாவி ரெண்டு பேருகிட்டதானுங்க இருக்கு, நான் மாத்தல." அவள் இப்போதுதான் அழுதாள். "மாமாகிட்ட கேட்டிருந்தா எங்கிட்ட மறைச்சிருக்க மாட்டாரு, சொல்லியிருப்பாரு, அவரத்தான் கொண்டுபோயிருப்பாங்க. அதான் கேக்கல."

முத்துலிங்கம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். முற்றத்தில் ஜீப் வந்து நின்றது. கதவுகள் திறந்து மூடின. யாரோ சிங்களத்தில் ஷாமிலா யார் என்று கேட்டார்கள்.

அவர் எழுந்து மழைக்கோட்டில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். படிக்கட்டுவரை நடந்து வந்தவர், இறங்காமல் நின்றார்.

"பிள்ள. நீ போட்ட அஞ்சு எங்க இருக்கு? காட்டு."

"இப்ப எதுக்கு மாமா?"

"அன்னைக்கு ராத்திரியே எனக்கு வெளங்கிருச்சு. எண்ணிப் பாக்கத்தான் தைரியம் வரல. நீ எண்ணு."

ஷாமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு படிக்கட்டடியிலிருந்து எண்ணத் தொடங்கினாள். ஒவ்வொரு தொட்டியாகத் தொட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வாய்விட்டு எண்ணினாள். அவர் அவளோடு கூடவே நடந்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. மரத்தூள் கிடந்த இடத்தில் இரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

முத்துலிங்கம் குனிந்து அந்தத் தரையைப் பார்த்தார்.

"சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.

பிறகு திரும்பி, யாருக்கும் முகம் கொடுக்காமல், படியிறங்கிப் போனார். கீழே அதே பெயரை இரண்டாம் முறை கேட்டார்கள். அவள் இல்லை, நான்தான் என்று அவர் சிங்களத்தில் சொல்வது மாடிவரைக்கும் தெளிவாகக் கேட்டது.